மூன்று பேனாவில் எழுதிய ஊசி அட்டை

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். அரைப் பக்கம் எழுதினாலே கை வலிக்கிற ஆள் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். அதுவுமில்லாமல் ஆஸ்பத்திரிக் கதையை யாரிடம் ஆரம்பித்தாலும், இரண்டாவது நிமிஷத்தில் அவர்கள் தங்கள் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஊசி போடுகிற நர்ஸம்மா விடவில்லை. "கள்ளக் கணக்கு எழுதத் தெரிஞ்சுதில்ல? நெசத்தையும் எழுது. இங்க வர்ற புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். ஊசி இடுப்புக்குள் இருக்கும்போது சொன்னார். அந்த நேரத்தில் யாரும் 'மாட்டேன்' என்று சொல்ல மாட்டார்கள். சொல்லிப் பாருங்கள்.

என் பேர் சேவியர். வீடு ராயபுரம். அப்பா காசிமேட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு ஃபைபர் படகில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அம்மாவுக்கு இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை. எனக்குப் பதினோரு வயதில் முழங்கால் வீங்கி, காய்ச்சல் வந்து, ஒரு மாதம் படுத்தேன். ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். காலில் வந்தது போய்விடும், இதயத்தைக் கடித்துவிட்டுப் போகும், உனக்கு ஒரு வால்வில் கொஞ்சம் கடித்திருக்கிறது என்றார்கள். இன்னொரு தடவை வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. எத்தனை நாளைக்கு? நாற்பது வயது வரைக்கும் என்றார் அன்றைய டாக்டர். பதினோரு வயதுப் பையனுக்கு நாற்பது வயது என்பது செத்துப்போன பிறகு வருகிற வயது.

அந்த ஊசி மருந்து கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும். இடுப்பில் இறங்க நேரமாகும். இறங்கிய பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கம் உட்கார முடியாது. ஊசி போட்டதும் ஒரு மஞ்சள் அட்டையில் தேதி எழுதி நர்ஸ் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வரி எண்ணத் தெரியும். ஒவ்வொரு மூன்றாவது வியாழக்கிழமை சாயங்காலமும் அட்டையை வாங்கி விரலால் கடைசி வரியைத் தடவிப் பார்ப்பாள். ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு வெந்நீர் வைத்து இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். நாள் முழுக்கப் பனிக்கட்டியில் ஊறி வெளுத்த கை அது. வெந்நீரில் படும்போது அவளுக்குத்தான் அதிகமாக எரியும். அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு துண்டு வஞ்சிரம் வறுப்பாள். அப்பாவுக்குக் கூடக் கிடையாது.

இருபது வயதில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதும் வேலைக்குப் போனேன். உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி, அதன் நம்பர், சீல் நம்பர், நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். எழுத வேண்டும் என்பது சட்டம். நடப்பது வேறு. வெயிலில் யார் ஒவ்வொரு பெட்டியாக ஓடிக்கொண்டிருப்பது? சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே மொத்தத் தாளையும் ஒரே மூச்சில் எழுதுவோம். ஆனால் ஒரே மூச்சில் எழுதியது என்று தெரியக்கூடாது. அதற்கு மூன்று பேனா வேண்டும். காலையில் ஒரு நீலம், மதியம் வேறு நீலம், நடுவில் ஒரு கறுப்பு. ஓரத்தில் டீக் கறை. எல்லாம் சரியாக இருந்தால் சூப்பர்வைசர் சந்தேகப்படுவார் என்பதால் ஒன்றிரண்டு அடித்தல் திருத்தல். இந்தக் கலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் செல்வம். ப்ளஸ் டூ பாஸ் பண்ணியவன், யார் கையெழுத்தையும் இரண்டு தடவை பார்த்தால் போட்டுவிடுவான். செல்வம் அவன் நிஜப் பேர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை.

"ஊசிக்குப் போனா அரை நாளு கூலி காலி மாமு. அப்பால ரெண்டு நாளு நொண்டிக்கினு ஏணி ஏறணும்" என்றேன்.

"இத்தினி வருசமா குத்திக்கினு கீறியே, இன்னா கிழிச்சுது அந்த ஊசி? நல்லாத்தான கீற?"

"அம்மா வரி எண்ணும்டா."

செல்வம் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "குட்றா அட்டய."

அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஓடியது. நர்ஸின் கையெழுத்து நர்ஸுக்கே சந்தேகம் வராத மாதிரி இருந்தது. முன்னே பின்னே பேனா மாற்றினான். ஒரு தீபாவளிக்கு நாலு நாள் தள்ளித் தேதி போட்டான். "பண்டிகைக்கு எவன்டா கரீட்டா ஊசி போட்டுக்குவான்? லேட்டா போட்டாதான் நெசம்" என்றான். நான் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போவேன். ஒருநாள் எந்தக் கால் என்று மறந்து இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நொண்டினேன். அம்மா அதற்கும் ஒத்தடம் கொடுத்தாள், இரண்டு பக்கமும். மீன் தின்றேன்.

ஒரு மாசி மாதம் தொண்டை வலி வந்தது. நாலு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், போய்விட்டது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வலித்தது. அது போய்க் கணுக்கால் வலித்தது. அது போய் மணிக்கட்டு. வாடகை வீடு மாற்றுகிற மாதிரி வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஏணி ஏறி இறங்குவதால் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். பதினோரு வயதில் வந்த வலி எப்படி இருந்தது என்று எனக்கு மறக்கவில்லை.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டிரெய்லர் பக்கத்தில் நின்று சீல் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் தூரப் போயின. அடுத்து எனக்குத் தெரிந்தது தரையும், என்னைச் சுற்றி இருபது செருப்பும். காக்காய் வலிப்பு என்று நினைத்து ஒரு கையில் சாவிக்கொத்தும், இன்னொரு கையில் சீல் வெட்டுகிற கட்டரும் திணித்திருந்தார்கள். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்குமாம். கண்ணைத் திறந்து, "எந்தப் பூட்ட ஒடைக்கணும் நைனா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி போய்விட்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிதான். பேர் வேண்டாம். அவசரப் பிரிவில் ஒரு பையன் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்த்தார். மறுபடி பார்த்தார். கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு நீளத் தாள் எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் யாரும் என்னோடு பேசவில்லை, என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது ஓடினால் அது நல்ல செய்தி இல்லை.

எனக்கு வந்ததன் பேர் ஹார்ட் பிளாக். அடைப்பு என்று நம்மவர்கள் சொல்வது வேறு, அது ரத்தக்குழாயில். இது கரண்டில். துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் ஒருவர் நின்று கை காட்டுவார். அதைப் பார்த்துக் கிரேன்காரர் தூக்குவார். கை காட்டுகிறவருக்குத்தான் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். இதயத்திலும் மேல் அறை கை காட்ட, கீழ் அறை தூக்க வேண்டும். என் இதயத்தில் மேலே இருப்பவர் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். கீழே இருப்பவருக்குத் தெரியவில்லை. அவர் தன் இஷ்டத்துக்கு, ரொம்ப மெதுவாகத் தூக்குகிறார். எப்போது கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார் என்று சொல்ல முடியாது. போனால் நான் விழுவேன். போனவர் வராவிட்டால் எழுந்திருக்க மாட்டேன்.

கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு ஒயரை உள்ளே விட்டு இதயத்தின் கீழ் அறையில் நிறுத்தினார்கள். மறுமுனை வெளியே, சின்ன ரேடியோ அளவுப் பெட்டியில். அந்தப் பெட்டி கிரேன்காரரை நிமிஷத்துக்கு எழுபது தடவை விலாவில் குத்தி எழுப்பியது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். இடது பக்கம் திரும்பிப் படுக்காதே, ஒயர் நகர்ந்துவிடும் என்றார்கள். படுத்த இடத்திலேயே எல்லாம். அம்மா பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளி மின்ன மின்ன அவள் உதடு அசைந்தது. ஜெபமாலை என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

செல்வம் மறுநாள் வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ஒயரைப் பார்த்தான். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் படையோடு வந்தார். அம்மா பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, கோயிலில் காணிக்கை வைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பெரிய டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருஷமா ஒண்ணு கூட விடலியே. தீபாவளிக்கு மட்டும் நாலு நாள் லேட்டு. பாருங்க, படிச்சவங்க வீட்ல கூட இப்படி மெயின்டெய்ன் பண்ண மாட்டாங்க" என்று மாணவர்களிடம் அட்டையைச் சுற்றுக்கு விட்டார். அம்மாவின் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தேன், செல்வம் இல்லை. அதற்குப் பிறகு அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்லை.

"சமீபத்துல தொண்டை வலி வந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

அம்மா பக்கத்திலேயே நின்றாள். "நான் பாடினா வரும் சார். எனக்கில்ல, கேக்கறவங்களுக்கு."

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டு என்னவோ எழுதினார். 'இல்லை' என்று எழுதியிருப்பார். ஒருவர் மூட்டு வலி பற்றிக் கேட்டதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். அது இன்னும் நன்றாக இருந்தது, இப்போது ஞாபகம் இல்லை.

பிறகு பரிசோதனைகள். ரத்தம், மறுபடி ரத்தம், நெஞ்சில் பிசுக்கு தடவி எடுக்கிற ஸ்கேன். எல்லாவற்றுக்கும் ஒரு பெஞ்ச், பெஞ்சில் காத்திருப்பு. நான் கட்டிலில், எனக்குப் பதிலாக அப்பா பெஞ்சில். கையில் இன்ஜின் ஆயில் போகாத அந்த மனிதர், ரிசல்ட் தாளில் கறை படக்கூடாதென்று துண்டால் பிடித்துக்கொண்டு வருவார். மூன்றாவது நாள் பெரிய டாக்டர் அவரிடம் சொன்னார். தொண்டைக் கிருமிக்கான ரத்தச் சோதனையில் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் யாரைச் சோதித்தாலும் ஏறித்தான் இருக்கும். ஒழுங்காக ஊசி போட்டவனுக்கு ருமாட்டிக் திரும்ப வராது. இது வேறு ஏதோ, என்னவென்று தெரியவில்லை. ஒயர் அதிக நாள் கழுத்தில் இருந்தால் சீழ் பிடிக்கும். நிரந்தரமாக ஒரு பேஸ்மேக்கர் வைத்துவிடலாம், திங்கட்கிழமை. ஆபரேஷன் இலவசம், மெஷின் நீங்கள் வாங்க வேண்டும்.

அப்பா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "வச்சிடலாம் நைனா. படகுப் பங்க எடுத்துக்கறேன்னு ஒருத்தன் சொல்லிக்கீறான். படகு பூட்டா இன்னா, கடலு எங்க பூடப் போவுது?"

"அந்த மெசினு என்கூட வருமா, இல்ல எட்டு வருசத்துக்கு ஒரு தபா மாத்தணுமா?"

"மாத்தணுமாம். பேட்டரி."

"அப்போ படகு ஒண்ணு பத்தாதே நைனா. கப்பலே வாங்கு."

அப்பா சிரிக்கவில்லை. என் கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியம் ஒரு சின்ன டாக்டரம்மா பெட்டியைச் சரிபார்க்க வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கி நாலு நாள் இருக்கும். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், "ருமாட்டிக்கா இருந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"இருந்தா மெஷின் இப்ப வைக்க மாட்டோம். வீக்கம் குறைய மாத்திரை குடுத்து வெயிட் பண்ணுவோம். நிறைய பேருக்கு அந்தக் கரண்டு லைன் தானா திரும்ப வந்துடும்."

"அது இன்னா மேடம், தொண்டைல வந்த கிருமி நெஞ்சுல போய் ஒயர அறுக்குது?"

அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்திருக்கும். கிருமி இதயத்துக்குப் போகவே போகாதாம். நம் ரத்தத்தில் கிருமியை அடிக்கிற படை ஒன்று இருக்கிறது. அந்தத் தொண்டைக் கிருமியின் மேல்தோலும் நம் இதயத்தின் சதையும் பார்க்க ஒரே ஜாடை. கிருமியை அடிக்கக் கிளம்பிய படை, கிருமி செத்த பிறகும் நிற்காமல், ஜாடை ஒத்துப்போகிற இதயத்தையும் அடிக்கிறது. தன் உடம்பைத் தானே அடிப்பது. இதற்கு ஆட்டோ இம்யூன் என்று பேர்.

எனக்கு இது புரிய ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. காசிமேட்டில் கட்டம் போட்ட லுங்கிக்காரன் ஒருவன் எதையாவது செய்துவிட்டு ஓடுவான். வண்டியில் வந்து இறங்குகிற போலீஸ் கட்டம் போட்ட லுங்கி அத்தனை பேரையும் வெளுக்கும். இட்லி வாங்க வந்தவன் கை உடையும். "அதுதானே மேடம்?" என்றேன்.

"அதேதான். பென்சிலின் அடிபட்ட கையைச் சரி பண்றது இல்ல. அந்த முதல் ஆளை ஏரியாவுக்குள்ளயே விடாது. போலீஸ் வர வேலையே இல்ல."

"ஒயர அடிக்கறதும் இந்த போலீசுதானா?"

"வால்வை அடிக்கறது தெரியும். ஒயரைப் பத்தி நிச்சயமா யாருக்கும் தெரியாது. அதுவே நேரா அடிக்குதா, இல்ல பக்கத்துல வீங்கி ஒயர் நசுங்குதான்னு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க." எழுந்து பெட்டியை மாட்டினார். "உனக்கு எதுக்கு அது? நீதான் ஊசி போட்டிருக்கியே."

அவர் போன பிறகு புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. என் கழுத்துக்குள் இருக்கிற ஒயர், அப்பாவின் படகு, எட்டு வருஷத்துக்கு ஒரு மெஷின், எல்லாம் மூன்று பேனாவில் எழுதிய ஒரு அட்டையில் தொங்குகின்றன என்பது தெரிந்துபோனது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அம்மா கேட்பாள். சாவது கூட அப்போது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை, அம்மா கேட்பதுதான்.

பக்கத்துக் கட்டிலில் பாபு அண்ணன். மணலிக்கு டேங்கர் லாரி ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் இதே கதை, ஆனால் நிறையப் பக்கம் முன்னால் போய்விட்ட கதை. வால்வு சுருங்கி, மேல் அறை வீங்கி, துடிப்பு தாளம் தப்பிவிட்டது. மூச்சுக்குத் தலையணை நாலு. அவரை நான் 'ராஜா' என்று கூப்பிடுவேன், நாலு திண்டு போட்டு உட்கார்ந்திருப்பதால். வெள்ளிக்கிழமை காலையில் கூட, "ராஜா, தர்பாரு எப்போ?" என்றேன்.

"ஊசிய நான் கல்யாணத்துக்கு முன்னாடியே உட்டுட்டேன்டா" என்றார், நான் கேட்காமலே. "பொண்ணு வூட்ல அட்டய பாத்துட்டா இன்னா நெனைப்பாங்கன்னு. நல்லாத்தான கீறோம்னு." மூச்சு வாங்கினார். "நீ கரீட்டா போட்டியாமே. டாக்டரு சொன்னாரு. கெட்டிக்காரன்டா நீ."

அன்று பகல் சாப்பாட்டு வண்டி வந்த நேரம். தட்டைக் கையில் வாங்கினார். தட்டு விழுந்தது. திரை போட்டார்கள். திரைக்குக் கீழே நிறையக் கால்கள் தெரிந்தன, பிறகு கொஞ்சமாக, பிறகு இரண்டு. அவர் மனைவி அவருடைய லுங்கியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். நான் இடது பக்கம் திரும்பக் கூடாது, அவர் கட்டில் வலது பக்கம். பார்க்காமல் இருக்க வழியில்லை.

சனிக்கிழமை காலை ரவுண்ட்ஸ். அப்பா படகுப் பங்கை எடுத்துக்கொள்ள இருந்த படகுக்காரரைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா கால்மாட்டில் நின்றாள்.

"சார், அந்த அட்ட டூப்பு" என்றேன். "ரெண்டு வருசமா நான் ஊசியே போட்டுக்கல. தொண்ட வலியும் வந்துச்சு, முட்டி வலியும் வந்துச்சு."

மாணவர்கள் சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பது என்று நாலு நாளாகப் பழகிவிட்டார்கள். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

"மெஷினுக்குக் காசு இல்லன்னு பொய் சொல்றியா?"

"இல்ல சார். மெய்யாலுமே."

"நீ சொல்றத நம்பி நான் ஸ்டெராய்டு குடுத்து, உள்ள வேற ஏதாவது சீழ் இருந்துச்சுன்னா, ரெண்டே நாள்ல போயிடுவ. விளையாடாத. இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார். "போடு, அந்த நர்ஸ் கையெழுத்த."

போட்டேன். நண்டு ஊர்ந்த மாதிரி வந்தது. இன்னொன்று போட்டேன். அது செத்த நண்டு. எனக்கு என் கையெழுத்தே ஒழுங்காக வராது. செல்வத்தின் பேரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. சர்க்கார் அட்டை, போலீஸ், வேலை, அவன் வீட்டில் இரண்டு தங்கச்சி.

"அப்பனைக் காப்பாத்தறேன்னு உன்னைக் கொன்னுக்காத" என்று பேனாவை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை நிஜம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"எங்க ஏரியா ஆஸ்பத்திரி ஊசி ரூம்ல ரிஜிஸ்டர் இருக்கும் சார்" என்றது அம்மாவின் குரல். அவள் டாக்டரிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அதுல பேரு எழுதித்தான் ஊசி போடுவாங்க. நான் போயி எழுதி வாங்கியாரேன். பன்னண்டு மணி வரிக்கும் தொறந்திருக்கும்."

என்னைப் பார்க்காமல் போனாள். கையில் அந்த அட்டை.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். வேர்வையில் நனைந்த ஒரு சீட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். நர்ஸம்மா எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்தியது. ரிஜிஸ்டரில் இரண்டு வருஷமாக என் பேர் இல்லை. டாக்டரம்மா படித்துவிட்டு ஓடினார். ஓடினால் நல்ல செய்தி இல்லை என்றேனே, அன்று மட்டும் அப்படி இல்லை.

அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடினாள். அதைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினி துண்டு மீனுடா துன்ன?"

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவள் என்னை அடிக்கவும் இல்லை. பிறகு தலையணையைச் சரிபண்ணி, இடது பக்கம் திரும்பாமல் இருக்க முதுகுக்கு ஒரு மடித்த புடவையை வைத்தாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் தள்ளிப்போனது. ஒரு புதுப் பென்சிலின் ஊசி, வீக்கம் குறைய மாத்திரை. முகம் பூசணிக்காய் ஆனது. தினமும் காலையில் டாக்டரம்மா பெட்டியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். என் இதயம் சொந்தமாகத் தூக்குகிறதா என்று பார்க்க. குறைத்ததும் கண் இருட்டும். காது அடைக்கும். "இல்ல, இன்னும் இல்ல" என்று வேகத்தைக் கூட்டிவிடுவார். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் கண் இருட்டும்போது அம்மாவின் முகம்தான் கடைசியாகப் போனது. அது போகிற வேகத்தைப் பார்த்து, இனி வராது என்றே நினைத்தேன். கழுத்தில் ஒயர் நுழைந்த இடம் சிவக்க ஆரம்பித்தது. இன்னும் நாலு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் இந்த ஒயரை வைத்திருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். படகுக்காரரிடம் அப்பா வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஆறாவது நாள் டாக்டரம்மா வேகத்தைக் குறைத்தார். இருட்டவில்லை. இன்னும் குறைத்தார். சிவப்புப் புள்ளி நின்றுவிட்டது. பெட்டி வேலை செய்யவில்லை என்று எனக்கு உயிர் போனது. அவர் துடிப்புக் காட்டும் மானிட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே இருப்பவர் கை காட்டக் கீழே இருப்பவர் தூக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும். "அது உன்னுது" என்றார் டாக்டரம்மா. ஏழாவது நாள் ஒயரை உருவினார்கள்.

இதைச் சுபமாக முடிக்க முடியாது. ஒயர் சரியானது, வால்வு சரியாகவில்லை. முன்பு கசிந்தது இப்போது ஒழுகுகிறது. என்றைக்காவது ஒருநாள் நெஞ்சைத் திறக்க வேண்டும். எப்போது என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்துச் சொல்வார்கள். ஏணி ஏறக் கூடாது. பாபு அண்ணன் போன பாதை என் முன்னால் அப்படியே இருக்கிறது, மெதுவாக நடந்தால் நல்லது என்கிறார்கள். அம்மா இப்போதெல்லாம் அட்டையைக் கேட்பதில்லை. ஊசி அறை வாசலில் வந்து நிற்கிறாள். நான் கத்துவது வெளியே கேட்டால்தான் கிளம்புகிறாள். வஞ்சிரம் வறுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து யார்டுக்குப் போனேன், கணக்குத் தீர்த்து வாங்க. டீக்கடையில் செல்வம் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"இன்னா மாமு, ஆளயே காணோம்? பயந்துட்டியா?" என்று தோளில் தட்டினேன். "உன் பேர நான் சொல்லவே இல்ல. டாக்டரு, அம்மா, யாருக்கும் தெரியாது. நீ எழுதினத்த அந்த பெரிய டாக்டரே நம்பிட்டாருன்னா பாத்துக்கோ! ஃப்ரீயா உடு மாமு."

செல்வம் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ செத்துப் பூட்டிருந்தினா, கடசியா நீ நல்லாக்கீறன்னு கையெழுத்துப் போட்டது நான்டா."